தலையாட்டி

"பொய் சொன்னது அந்த ஆளு. ஃபெயில் ஆனது நானா மேடம்?"

செய்முறை அறையில் அவள் குரல் கொஞ்சம் ஓங்கித்தான் ஒலித்தது. நர்சிங் இரண்டாம் ஆண்டில் அவள்தான் முதல் மாணவி. மருந்துப் பாடமெல்லாம் தலைகீழ்ப் பாடம். இந்தத் தேர்வில் தேறாவிட்டால், மற்றவர்கள் வார்டுக்குப் போகும்போது அவள் மட்டும் வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நோயாளியாக நடிக்க வந்தவர் கட்டிலில் அப்படியே படுத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். எந்தப் பேரைச் சொல்லிக் கேட்டாலும் ஆமாம் என்று தலையாட்டுவார். மாணவிகள் அவருக்கு வைத்த பேர் 'தலையாட்டி'.

"பேரைச் சொல்லி 'நீங்கதானே'ன்னு கேட்டே. அவர் ஆமான்னார். மாத்திரையைக் கொடுத்துட்டே" என்றார் ஆசிரியை. "பேரை அவர் வாயால சொல்ல வைக்கணும். கையில கட்டியிருக்கிற பட்டையில வேற பேர் இருக்கு. அதையும் நீ பாக்கலை."

"நிஜ நோயாளி யாராவது அடுத்தவங்க பேருக்கு ஆமாம்னு சொல்வாங்களா?"

ஆசிரியை மருந்துத் தட்டை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

அவ்வளவுதான், அவள் கோபம் கட்டில் பக்கம் திரும்பியது.

"ஏமாத்தி ஃபெயில் பண்ண வைக்கிறதுல அப்படி என்ன சார் சந்தோஷம்? வேற வேலையே இல்லையா உங்களுக்கு? அந்த மேடம் மட்டும் என்ன ஒழுங்கு? ஊருக்குத்தான் உபதேசம். அவங்க வார்டுப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டாங்க. எங்களைக் கூட்டிட்டுப் போறதே வேற மேடம்தான்."

அவர் மெல்ல எழுந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார்.

"ஏமாத்தலைம்மா. என் வீட்டுக்காரி தலையாட்டினதைத்தான் ஆட்டிக் காட்டுறேன். அவளுக்கு நல்ல காய்ச்சல். நர்ஸ் வந்து வேற யார் பேரையோ சொல்லி நீங்கதானேன்னு கேட்டாங்க. அவசரத்துல இருக்காங்களேன்னு இவளும் ஆமான்னுட்டா. பக்கத்துக் கட்டிலுக்குப் போட வேண்டிய ஊசியை இவளுக்குப் போட்டாச்சு. அன்னிக்குக் கண்ணை மூடினவதான்."

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சற்று முன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் திரும்பி வந்து சுட்டது. வெட்கத்தில் கூனிக் குறுகி நின்றாள்.

"மன்னிச்சிடுங்க சார்... தெரியாம பேசிட்டேன். ஆனா அந்த நர்ஸை நீங்க சும்மா விட்டிருக்கவே கூடாது!"

"சும்மா விடலையேம்மா" என்றார் அவர். "தப்பு என்னோடதுதான்னு அவங்களே என்கிட்ட வந்து அழுதாங்க. வேலையை விட்டுடறேன்னாங்க. விடாதீங்க, அடுத்து வர்ற பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுங்க, நான் வந்து கட்டில்ல படுக்கறேன்னேன்."

வாசலைப் பார்த்தார்.

"வார்டுக்குள்ளதான் அவங்களால இன்னும் கால் வைக்க முடியலை. இப்ப வெளியே நின்னு அழுதுகிட்டிருப்பாங்க. போய் ஒரு வாய் தண்ணி கொடும்மா."