ஓலை கட்டிய கம்பம்

பிரெஞ்சு ஆட்சியிலுள்ள ஒரு தீவில், ஊர் கூடிக் காயலில் மீன்பிடிக்கத் தடைபோட்டதன் அடையாளமாக, தென்னோலை கட்டிய கம்பம் உச்சிவெயிலில் நிற்கிறது. பக்கத்துத் தீவுகளோடு கடலைக் காப்பதுபற்றிப் பேசப் பாரிசிலிருந்து வந்த அதிகாரி லகார்த், சாப்பாட்டு இடைவேளையில் அந்தக் கம்பத்திலேயே சாய்ந்தபடி தூண்டில் போட்டிருக்கிறார். போன வருஷம் இதே துறையில், வலைக்கண் சட்ட அளவைவிடச் சிறிதென்று மீனவப் பெண் தெரவுராவின் வலையைக் கொளுத்தியவர் அவர்தான். இன்று காயலுக்குக் காவல் அவள். மூங்கில் தூண்டிலைப் பிடுங்கி முழங்காலில் வைத்து முறிக்கிறாள். "வெறும் ஓலைன்னு நெனச்சுட்டேன்மா" என்கிறார் அவர். "தெரியாதுன்னு சொன்னா சட்டம் விடாதுன்னு அன்னைக்கு நீங்கதானே சொன்னீங்க, துரை?" பேச்சுக்கு வந்த மற்ற தீவுக்காரர்கள் கூட்டம் நடக்கும் கூடத்து வாசலில் வந்து நிற்கிறார்கள். ஒடிந்த துண்டுகளை அவருடைய பளபளக்கும் ஷூவருகே போட்டுவிட்டுத் தீப்பெட்டியை நீட்டுகிறாள். "நீங்களே பத்த வைங்க. பழகின கைதானே."