விசையின் கனம்

இன்ஸ்பெக்டர் ஞானதுரை சாப்பாட்டு மேசையில் பழைய துண்டை விரித்து, கழற்றிய கைத்துப்பாக்கியின் விசையைப் பற்பசை தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். தோட்டாக்கள் ஒரு சில்வர் கிண்ணத்தில் கிடந்தன. காலையில் அதில்தான் அவர் மனைவி ஜெசிந்தா சட்னி வைத்திருந்தாள்.

“ஸ்டேஷன்ல குடுத்தா அவங்களே சரிபண்ணித் தர மாட்டாங்களா?” என்றாள்.

“என்ன குறைன்னு கேப்பாங்க.”

“என்ன குறை?”

“ட்ரிக்கர் கனமா இருக்கு. இழுக்குறதுக்குள்ள அவன் பேசிட்டான்.”

எவன் என்று அவள் கேட்கவில்லை. போன வாரம் எல்லாப் பேப்பரிலும் வந்திருந்தது. தப்பியோடிய கைதி அரிவாளால் வெட்டப் பாய்ந்தான், இன்ஸ்பெக்டர் தற்காப்புக்காகச் சுட்டார். அவருடைய இடது கையில் இன்னும் கட்டு இருந்தது. தினமும் அதை மாற்றிக் கட்டுபவள் அவள்தான். உள்ளே காயம் எதுவும் இல்லை.

“என்ன சொன்னான்?”

அவர் துப்பாக்கியைப் பூட்டி, சுவரைப் பார்த்து வெறுமனே இழுத்தார். விசை வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.

“சார், செருப்ப மாட்டிக்கிறேன்னான்.”

வாசலில் ஜீப் வந்து நின்றது. தோட்டாக்களைப் போட்டுக்கொண்டு வெளியே போனவர், படியில் உட்கார்ந்து நிதானமாக ஷூ நாடாவைக் கட்டத் தொடங்கினார். ஜெசிந்தா அவர் பின்னால் வந்து நின்றாள். ஜீப்புக்குள் இரண்டு காவலர்களுக்கு நடுவே ஒருவன் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தான். அவர் நாடா கட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.