கரும்பாசி தொங்கும் மரம்

பிப்ரவரி நண்பகல் வெயில் ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு இடையே படுத்தபடி வருகிறது. ஜனவரியில் பெய்த மழை பனியின் மேல் கண்ணாடியாக உறைந்து கிடக்கிறது. அடியில் கிடக்கும் தீனிக்காக அதைக் குளம்பால் தட்டிச் சலித்த பனிமான்கள், கிழட்டு மரங்களில் தாடிபோல் தொங்கும் கரும்பாசிக்குக் கழுத்தை நீட்டுகின்றன. அவற்றை மேய்க்கும் ரிஸ்டின், எட்டாத கிளைகளைக் கொக்கியால் இழுத்துக் கொடுக்கிறாள். "இந்த மரமெல்லாம் வளர்றதையே நிறுத்திடுச்சு, ரிஸ்டின். வெட்டிட்டு இளசா நட்டா காத்துல இருக்கற கார்பனை வேகமா இழுக்கும். பருவநிலைக்காகத்தானே பண்றோம்" என்கிறார் வன அதிகாரி ஹோல்கர். "குளிர்காலத்துல மழை கொட்டுச்சே, அதுவும் பருவநிலைதான். உன் இளசுல பாசி தொங்க நூறு வருஷம் ஆகும். அதுவரைக்கும் இதுங்க உன் கொள்கையைத் தின்னுமா?" ஹோல்கர் சிரித்தபடி என்னைப் பார்க்கிறார். "படிச்ச பொண்ணு, நீ சொல்லேன்." மரத்தைத் துளைத்து நான் எடுத்த பென்சில் பருமனுள்ள குச்சி, கையுறையில் பிசின் மணக்கக் கிடக்கிறது. ஆண்டுக்கு ஒன்றாக இருநூற்றுப் பதினோரு வளையங்கள். கடைசி நாற்பதும் மயிரிழைகள். பாசியைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. நான் நிரப்ப வேண்டிய மர அளவைப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. "வளர்ச்சி ரொம்பக் கம்மிதான்" என்கிறேன். அது உண்மை. வெட்டும் மரங்களுக்குக் கட்டுகிற நீல நாடாவை ஹோல்கர் என்னிடம் நீட்டுகிறார். ரிஸ்டின், பாசி மேயும் மானைக் கழுத்தில் தட்டி நகர்த்தி, நான் நாடா கட்ட இடம் விடுகிறாள்.