ஆட்காட்டியின் பல் கிளினிக்

ஓர் ஆற்றங்கரையில் ஆட்காட்டிக் குருவி ஒன்று சின்னதாய்ப் பல் கிளினிக் நடத்திவந்தது. அன்றைக்குச் சோதனைக்கு அதிகாரி ஆமை வருவதாகத் தகவல். இடம் அழுக்காகிவிடக் கூடாதே என்று குருவி நோயாளிகள் யாரையும் வரவேண்டாமெனச் சொல்லிவிட்டு, விடிந்ததிலிருந்து தேய்த்துக் கழுவியது.

ஆமை மூலை முடுக்கெல்லாம் பார்த்தது. "சுத்தமெல்லாம் சரிதாம்மா. ஆனா இங்கே வைத்தியம் நடக்குற மாதிரியே தெரியலையே! எதைப் பார்த்து நான் முத்திரை குத்துறது?"

குருவி துணியை எடுத்து, துடைத்த மேசையையே மறுபடியும் துடைத்தது.

அந்த நேரம் பார்த்து, கன்னம் வீங்கிய முதலை ஒன்று ஊர்ந்து வந்தது.

"இன்னைக்கு வராதீங்கன்னு சொன்னேனே அண்ணே!"

"எனக்குப் புரிஞ்சுது டாக்டரம்மா. பல்லுக்குப் புரியலையே!" என்று முதலை வாயைப் பிளந்தது.

ஆமை சட்டென்று தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. குருவியோ அதிகாரியையே மறந்துபோனது. அலகை வெந்நீரில் கழுவிக்கொண்டு நேராக வாய்க்குள் போய், ஈறில் குத்தியிருந்த மீன்முள்ளைப் பதமாக உருவியது.

கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. ஆமை மெல்ல எட்டிப் பார்த்தது. முதலை திறந்த வாய் மூடாமல் தூங்கிக்கொண்டிருந்தது. உள்ளே குருவி சாவகாசமாக அடுத்த பல்லைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"எனக்கு ஒரு பல்லாவது இருந்திருக்கலாம்" என்று முணுமுணுத்த ஆமை, நோயாளி விழித்துவிடாமல் சத்தமின்றி முத்திரையைக் குத்தியது.