அளவுப் பலகை

வண்டூர்க் கரையோரக் கொட்டகையில், படகு கட்டும் நாகமுத்துவின் அளவுப் பலகைகள் ஆணிகளில் தொங்குகின்றன. யார் வேண்டுமானாலும் வந்து படகின் வளைவுகளை அவற்றைப் பார்த்து வரைந்துகொண்டு போகலாம். அவர் பேர்கூடக் கேட்பதில்லை. கீற்று வழியே வெயில் ஒழுகும் தரையில் ஒரு கான்ட்ராக்டர் குந்தியிருக்கிறான். வெற்றிலைச் சாறு தாடையில் வழிய, ஒரு பலகையைப் பழைய பேப்பர்மேல் வைத்துச் சுற்றிலும் பென்சிலால் கோடிழுக்கிறான். சிவப்புச் சொட்டொன்று பலகையில் விழுகிறது; கட்டைவிரலால் தேய்த்து இன்னும் பரப்புகிறான். நாகமுத்துவின் கையில் உளி அப்படியே நிற்கிறது. பேப்பர்ச் சுருளோடு மலையாளி மீன்காரர் ஒருவர் வாசலில் வந்து நிற்கிறார். கான்ட்ராக்டர் நிமிராமலே, யாரோ வடக்கத்தி ஆளென்று நினைத்து, கை நீட்டி மறிக்கிறான். “ருக்கோ பாய், நில்லு. பேரு என்ன? யாரைக் கேட்டு உள்ள வர்ற?” நாகமுத்து உளியைக் கீழே வைக்கிறார். “மொதல்ல ஒம் பேரு என்னய்யா?” என்கிறார் அவனிடம். இந்தக் கொட்டகையில் அவர் ஒருநாளும் கேட்காத கேள்வி. கேட்டதும் வாயெல்லாம் கசக்கிறது.