மீதி எத்தனை பாலம்

“பாடம் எடுக்கிறீங்களா, பிரச்சாரம் பண்றீங்களா?” வகுப்பு வாசலில் நின்று கத்தினார் குடைக் கட்சிக் கவுன்சிலர் வீரபத்திரன்.

“கணக்குத்தான் சார் போட்டேன்!” செங்கமலம் டீச்சரும் விடவில்லை.

குடைக் கட்சி பத்துப் பாலம் கட்டுவதாகச் சொல்லி ஒன்றும் கட்டவில்லை, மீதி எத்தனை என்பது கணக்கு. எதிர்க்கட்சியான படகுக் கட்சியை வைத்து டீச்சர் ஒருநாளும் கணக்குப் போட்டதில்லை, அது உண்மைதான். ஆனால் முட்டளவு ஓடைத் தண்ணீரில் சேலையைத் தூக்கிப்பிடித்து வேலைக்கு வருகிறவருக்கு வேறென்ன தோன்றும்?

“டீச்சர் கட்சி பேசினாங்களா? பேசியிருந்தா மாற்றல்தான்,” என்று பிள்ளைகளிடம் கேட்டார் தலைமையாசிரியர். கவுன்சிலர் மகள் கோமதி மட்டும் எழுந்து, டீச்சரைக் காப்பாற்றுகிற நினைப்பில், “விடை பத்து, சார்,” என்றாள்.

அந்தப் பத்தே சாட்சியாகி மலையூருக்கு மாற்றலாகிப் போன டீச்சர், அங்கே குடைக் கட்சிக் கிளைச் செயலாளரையே கல்யாணம் செய்துகொண்டார். எப்படி என்று துருவப் போனவர்களுக்குக் காபி மட்டும்தான் கிடைத்தது.