பெயர் கேட்ட பனங்கட்டை

ஏரிக்கரைச் சேற்றில் ஒரு வீடு இருந்ததாம். அது அமிழ்ந்துபோகாமலிருக்க அடியில் பனங்கட்டைகளை ஆழமாக அடித்து இறக்கியிருந்தார்கள். அவற்றில் மூலைக் கட்டைக்கு ஒரே ஒரு குறை. தன் பெயர் என்னவென்று அதற்குத் தெரியாது.

பக்கத்தில் வளை தோண்டிக் குடியிருந்த நண்டுதான் மேலே போய்வந்து சேதி சொல்லும்.

"அண்ணே, வாசல்ல நிக்கிறவருக்கு நிலைன்னு பேராம். வெள்ளிக்கிழமை தவறாம மஞ்சள், குங்குமம். மேலே குறுக்கே படுத்திருக்கிறவரு உத்திரமாம். அவருமேலதான் தொட்டில் கட்டியிருக்காங்க."

"என்னை என்னன்னு சொல்றாங்க?"

"உன்னைப் பத்திப் பேச்சே இல்லையே."

எத்தனை மழைக்காலம்தான் பொறுக்கும்? ஒருநாள் மனசு வெறுத்துப்போய், கட்டை ஒரு விரற்கடை கீழே இறங்கிக்கொண்டது. மேலே சுவரில் நெட்டுக்கு வெடிப்பு விழுந்தது. தொட்டிலில் கிடந்த பிள்ளையை வாரிக்கொண்டு தாய்க்காரி வெளியே ஓடினாள். மேஸ்திரி வந்து குனிந்து பார்த்தார்.

நண்டு மூச்சுவாங்க இறங்கி வந்தது.

"அண்ணே, உனக்கும் பேர் இருக்கு! 'கால் இறங்கிருச்சு'ன்னார் மேஸ்திரி. நீதான் கால்!"

"காலா? அப்படின்னா?"

"இதோ, எனக்கு எட்டு இருக்கே, இதுதான். உடம்பைத் தாங்குறது."

"அந்த எட்டும் உனக்கு எப்பவும் ஞாபகத்துல இருக்குமா?"

நண்டு யோசித்தது. "அடிபட்டாத்தான்."

கட்டை சேற்றை இறுகப் பற்றிக்கொண்டது. மேஸ்திரி கல்லைச் செருகி, சுவரைப் பூசிவிட்டுப் போனார். தொட்டில் மறுபடி ஆடத் தொடங்கியது. அப்புறம் கட்டை அசையவே இல்லை. அந்த வீட்டில் அதன் பெயரை யாரும் சொல்லவும் இல்லை.